பத்து கையெழுத்துக்கும் பத்தாயிரத்துக்கும்

எல்லாருக்கும் வணக்கம். சட்டசபை தேர்தல்ல சுயேச்சையா நிக்க மனு தாக்கல் பண்ணியாச்சு, பரிசீலனையிலயும் ஏத்துக்கிட்டாங்க. நாளையில இருந்து ஓட்டமா ஓடணும், பொறவு உக்காந்து எழுத நேரம் கிடைக்காது, அதான் ராத்திரியே எழுதுதேன்.

அங்கீகாரம் உள்ள கட்சி ஆளுக்கு ஒருத்தர் முன்மொழிஞ்சா போதும், என்னைய மாதிரி சுயேச்சைக்கு 10 பேர் வேணும். பத்து பேருதானேன்னு நெனச்சேன். ஒரு அண்ணாச்சி பேனாவ வாங்கிட்டு, மேல இருக்க கையெழுத்து எந்தத் தெருன்னு கேட்டாவ, சொன்னேன், கண்ணாடி எடுத்துட்டு வாரேன்னு உள்ள போனவிய இன்னும் வரல. (அவியளுக்கும் நன்றி, நாம எங்க நிக்கோம்னு காட்டுனதுக்கு.) ஆனா கடைசில நாலு தெருவு கையெழுத்தும் ஒரே தாள்ல வந்துச்சு. அந்த பத்து பேருக்குத்தான் முதல் நன்றி.

டெபாசிட் 10,000, எங்க அம்மை கூட பீடி சுத்துன சித்திமாரும் மைனிமாரும் சேந்து போட்டது. வேட்பாளர் 40 லட்சம் வரை செலவழிக்கலாமாம்னு சொன்னேன், அம்ம சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு.

பஞ்சாயத்து தலைவரா இருந்தது பத்தாதாட்டின்னு நிறைய பேர் கேட்டிய. எங்க அம்மை முப்பது வருஷத்துக்கு மேல பீடி சுத்துனா. இலைய நனைச்சு, வெட்டி, மடியில தட்ட வச்சு உக்காந்தா சாயந்திரம் கடைக்கு போறவரை எந்திரிக்க மாட்டா, அங்க கட்ட பிரிச்சு பாத்து இது சரியில்ல அது சரியில்லன்னு கழிப்பாவ. வயசாகி பி.எஃப். வாங்கப் போனா பாஸ்புக்குல பேரு ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி. இங்க கேட்டா அங்க போங்காவ, அங்க கேட்டா இங்க போங்காவ. நான் எழுதுன முதல் மனு அதுதான், அப்புறம் தெருவுக்கே எழுதுனேன்.

2021 அக்டோபர்ல ஜெயிச்ச பொறவு வாறுகால் கட்ட முடிஞ்சது, 2023 டிசம்பர் வெள்ளத்துல ஸ்கூல்ல வச்சு மூணு நாள் சோறு பொங்க முடிஞ்சது (அன்னைக்கு அடுப்புல நின்ன தம்பிமாருக்கு நான் இன்னும் நன்றியே சொல்லல, இப்ப சொல்லிக்கிடுதேன்). ஆனா பி.எஃப். டெல்லி விஷயம், குறைஞ்சபட்ச கூலி சென்னை விஷயம், கிராம சபையில தீர்மானம் போட்டா அது தீர்மானமாவே கிடக்கும். திங்கக்கிழமை திங்கக்கிழமை மனுவத் தூக்கிட்டு திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு போவேன், பக்கத்துலயே தாமிரபரணி ஆறு. 1999 ஜூலை 23 மாஞ்சோலை டீ எஸ்டேட் தொழிலாளிய கூலி கேட்டு ஊர்வலமா வந்தது அங்கதான், போலீஸ் அடிச்சு வெரட்டுனதுல ஆத்துக்குள்ள எறங்கி ஓடுனாவ, 17 பேர் செத்துப்போனாவ, சின்னப்புள்ளையும் அதுல ஒண்ணு. அந்த தண்ணிய பாத்துட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் வரிசையில நிப்பேன். சட்டசபையில ஒரு எம்.எல்.ஏ. கூலியப் பத்தி கேள்வி கேட்டா மந்திரி எந்திரிச்சு பதில் சொல்லணும்லா, எனக்கு அந்த எடம் வேணும்.

ஜெராக்ஸ்க்கு காசு வாங்காத கடைக்கார தம்பி, ஆட்டோ ஓட்டுன மாமா, புள்ளையளப் பாத்துக்கிட்ட எங்க அத்தை, எல்லாருக்கும் நன்றி.

டெபாசிட் ரசீத அம்மை அவ பாஸ்புக் இருக்க தகரப்பெட்டியில வச்சிருக்கா. வைக்கதுக்கு முன்னால பேரு சரியா இருக்கான்னு என்னைய மூணு தடவ வாசிக்கச் சொன்னா.