மாடியில் ரூம் எடுப்பதற்கு முன்னால், தருமபுரி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

மாடியில் ஒரு ரூம் எடுக்கக் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பேசினீர்கள், லோனுக்கும் விசாரித்தீர்கள் என்று மாமா சொன்னார். போனில் ஆரம்பித்தால் நடுவில் வேறு பேச்சு வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். அந்த ரூம் வேண்டாம் அக்கா. ரூம் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. பின்பக்க ரூமில் சாமான் குடியிருக்கிறது, அம்மா ஹாலில் படுக்கிறாள். கடன் வாங்கிக் கட்டினால் சாமானுக்கு இன்னொரு ரூம் கிடைக்கும், அவ்வளவுதான்.

நீ கண்டதையும் வாங்கிக் குவிக்கிறவள் இல்லை. அந்த ரூமில் இருப்பதில் பாதி தண்ணீருக்குப் பயந்து சேர்ந்தது. போர் தண்ணீரில் ஃபுளோரைடு, நம் வயசுக்காரர்கள் எத்தனை பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை! நல்ல தண்ணீர் வருகிற அன்றைக்குப் பிடித்து வைக்கவில்லை என்றால் தவிக்க வேண்டியதுதான். அப்படித்தான் வீட்டுக்கு வீடு குடமும் டிரம்மும் அண்டாவும் சேர்ந்தன. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. தண்ணீர் விடாத நாளுக்கு மூடி உள்ள டிரம் இரண்டு போதும். வாய் உடைந்து எம்சீல் வைத்து ஒட்டிய அந்த நீல டிரம், அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிய ஓட்டைக் குடங்கள், இவையெல்லாம் எதற்கு? கொல்லையில் கிடப்பதில் மழைத் தண்ணீர் நின்றால் டெங்கு கொசு வரும். அந்தக் கொசுவின் முட்டை காய்ந்த டிரம்மின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். வைத்துக்கொள்கிற டிரம்மையும் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கம் நார் போட்டுத் தேய்க்க வேண்டும்.

அப்புறம், பழைய புடவைக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கத் தெருவில் வருகிறவர்களிடம் இனிமேல் மாற்றாதே. பீரோ கொஞ்சம் காலியாகிறது, சமையல்கட்டில் இன்னொரு டப் ஏறிவிடுகிறது. பருத்திப் புடவையைக் கிழித்து வைத்தால் கைப்பிடித் துணிக்கும் மாப்புக்கும் ஆகும். கட்டுகிற நிலையில் இருப்பதைக் கட்டுகிறவர்களுக்குக் கொடு.

பழைய ஃபிரிட்ஜை முதலில் நிறுத்து. புதுசு வந்த பிறகும் பின்ரூமில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே இருப்பது மாவுச் சட்டியும் தண்ணீர் பாட்டிலும்தான். கரண்ட் பில் கணக்கைக் கொஞ்சம் கவனி. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் இல்லை. 101-லிருந்து 200 வரைக்குமான யூனிட்டுக்கே விலை ஏறிவிடுகிறது. மாமாவிடம் சொல்லிப் பழைய பில்லை எடுத்துப் பார். தாண்டுகிறது என்றால், அந்த ஃபிரிட்ஜ் ஓடுகிற வரைக்கும் தண்டம் கட்டுகிறாய்.

அட்டாலியில் அரசு கொடுத்த பெட்டி டிவி இருக்கிறது. அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் உடைத்துச் செம்பை மட்டும் எடுப்பார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைக்கிறவர்களுக்கும் கெடுதல், மண்ணுக்கும் கெடுதல். மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். 2011-க்கு அப்புறம் அரசு கொடுத்த மிக்சி அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தால், புதுசாகக் குடித்தனம் வைக்கிற பிள்ளைகள் யாருக்காவது கொடுத்துவிடு.

பித்தளைதான் கஷ்டம், எனக்கும் தெரியும். அம்மாவுக்குச் சீராக வந்தது. அதில் ஒரு சொம்புகூட அம்மாவைக் கேட்காமல் வாசல் தாண்டக் கூடாது. ஆனால் மூட்டையாகக் கட்டி, பச்சைக் களிம்பு ஏறிக் கிடப்பதை அம்மா பார்த்தே எவ்வளவு நாள் ஆகியிருக்கும்? எல்லாவற்றையும் பிரித்து அவள் முன்னால் பரப்பு. அவள் கை எதை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறதோ அதை வைத்துக்கொள். புளி போட்டுத் தேய்த்துச் சாமி மாடத்திலோ சமையல்கட்டிலோ புழங்கு. மீதியைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போடலாம். போடுவதற்கு முன்னால் வெண்கலத்தைத் தனியாகப் பிரி, அதற்கு விலை கூட. தட்டிப் பார்த்தால் தெரியும், வெண்கலம் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். எடை போடும்போது நீயே பக்கத்தில் நின்று பார்.

எல்லாவற்றையும் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. மாசி, பங்குனியில் வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்த வருஷத்துப் புளி இருக்கட்டும். கேழ்வரகு மூட்டையும் இருக்கட்டும், அது வருஷக்கணக்கில் கெடாது. மொச்சையும் துவரையும் அப்படி இல்லை, வண்டு வைத்துவிடும். அதை மட்டும் சாப்பிடுகிற அளவுக்கு வாங்கு. போன தடவை வந்தபோது ஒரே ஷெல்ஃபில் துவரம்பருப்பு மூன்று டப்பாவில் இருந்தது, மூன்றும் பாதிப் பாதி. பின்னால் இருப்பது கண்ணில் படாததால்தான் மறுபடி வாங்குகிறாய். மாதச் சாமானில் காசு போவது இப்படித்தான்.

அந்தப் பின்பக்க ரூமில் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது அக்கா, அட்டைப்பெட்டி மறைத்திருக்கிறது. அம்மாவுக்கு வீசிங் இருக்கும்போது அந்தத் தூசியை வீட்டுக்குள் வைத்திருப்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. ராத்திரி யாராவது ஹாலில் லைட் போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள், யாரிடமும் சொல்வதில்லை. அவளுக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

போகி வரைக்கும் காத்திருக்காதே, பிளாஸ்டிக்கையும் டயரையும் கொளுத்தவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன். ஒரே நாளில் முடியாது, அன்றைக்கு டிரம்மும் ஃபிரிட்ஜும் மட்டும் பார்ப்போம். அதற்குள் மாமாவிடம் சொல்லி ஒரு மினி ஆட்டோவுக்குப் பேசி வை.

உன் தங்கை