நமது நகர் மாடித் தோட்டச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அம்மா அவர்களே, செயற்குழுவினரே, வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவிலும் போடப்படும். அங்கே எல்லோரும் தவறாமல் ஆஜராக இருக்கிறார்கள்.

ஆண்டின் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் மண்புழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டோம். சுதந்திர தினத்தன்று பூங்காவில் மரக்கன்று நட்டோம், இரண்டு பிழைத்திருக்கின்றன. நவலூர் குட்டப்பட்டு மகளிர் தோட்டக்கலைக் கல்லூரிக்கு ஒரு நாள் போய் வந்தோம். இருபது பேர் வருவதாகச் சொல்லி வேன் பேசியதில் பாதி இருக்கை காலியாகவே போனது. வாடகையில் பாதி குறையவில்லை. ஆயுத பூஜை, பொங்கல் விழா வழக்கம்போல.

இனி வெள்ளரி. இந்த ஆண்டு சங்கத்தின் முக்கிய வேலை இதுதான் என்று நான் சொன்னால், “அது உங்க வேலை சார்” என்று பின்வரிசையில் யாராவது சொல்வார்கள். சரி, என் வேலையாகவே இருக்கட்டும். நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும். குழுவில் வந்த குரல் பதிவுகளை மட்டும் கேட்டவர்கள், சங்கப் பணத்தை நான் கொடியில் ஏற்றி விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் காரணம். நாட்டு வெள்ளரி போட்டு நம்மில் பலர் பட்ட பாடு தெரிந்ததுதான். கொடி நன்றாக ஏறும். பூ மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும். பெண் பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிஞ்சும் தெரியும். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவோம். நாலு நாளில் அது பழுத்துச் சுருங்கிக் கீழே கிடக்கும். உரம் போதவில்லை என்று ஒருவர் சொல்வார், கண் பட்டுவிட்டது என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் இல்லை. தேனீ வரவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது மாடி மொட்டைத் தளத்துக்குத் தேனீ ஏறி வருவது அபூர்வம். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவில் நாமே தொட்டு வைக்கலாம். ஆனால் அதைக் காலையில், பூ புதிதாக இருக்கும்போதே செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் நம் வீடுகளில் பால் பொங்கிக்கொண்டிருக்கும், பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். போதாததற்கு, வெயிலும் பகலின் நீளமும் கூடக் கூட வெள்ளரி ஆண் பூவாகவே தள்ளும். திருச்சியின் பங்குனி, சித்திரையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு வழி, மகரந்தம் சேராமலே காய் பிடிக்கும் வீரிய ஒட்டு ரகம். பாலிஹவுஸ் விவசாயிகள் போடுவது இதைத்தான். பூவெல்லாம் பெண் பூ. கணுவுக்கு ஒரு காயாவது நிற்கும். உள்ளே விதை கெட்டியாக இராது, தோல் மெல்லிசு, சீவ வேண்டியதே இல்லை. குறை என்றால் விலைதான்: ஒரு விதைக்கே ஐந்தாறு ரூபாய். சில்லறையில் கிடைக்காது, பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும். அதனால்தான் சங்கம் மூலம் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்று செயற்குழுவில் வைத்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள். முன்பணம் என்றதும் கைகள் இறங்கிவிட்டன. பாக்கெட்டுக்கு என் கைக்காசைத்தான் போட்டேன். அதில் ஒரு பகுதி இன்னும் வர வேண்டியிருக்கிறது.

ஒட்டு ரகம் என்றதுமே எதிர்ப்பு கிளம்பியது. மரபணு மாற்றிய விதையைச் சங்கத்துக்குள் கொண்டு வருகிறேன் என்று ஒரு செய்தி சுற்றியது. ஒட்டு ரகம் வேறு, மரபணு மாற்றம் வேறு. இரண்டு தாய்தந்தை வரிசைகளைப் பூவோடு பூ சேர்த்து எடுக்கும் முதல் தலைமுறை விதைதான் ஒட்டு விதை. நம் நாட்டில் மரபணு மாற்றிப் பயிரிட அனுமதி பெற்றுச் சாகுபடியில் இருப்பது பி.டி. பருத்தி ஒன்றுதான், அதுவும் 2002 முதல். ஒட்டு வெள்ளரி நமக்குப் புதிதும் அல்ல. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் குலு பள்ளத்தாக்கின் கட்ராயின் நிலையத்திலிருந்து ‘பூசா சன்யோக்’ என்ற ஒட்டு வெள்ளரியை எப்போதோ வெளியிட்டுவிட்டது. பெண் பூவே பூக்கும் ஜப்பானிய வரிசை ஒன்றைக் ‘கிரீன் லாங் நேபிள்ஸ்’ ரகத்தோடு சேர்த்து எடுத்தது அது. வெள்ளரியின் சொந்த ஊரே இந்தியாதான். அதன் காட்டு உறவு இமயமலை அடிவாரத்தில் இன்றும் கசப்புக் காயோடு படர்ந்து கிடக்கிறது. இதையெல்லாம் குழுவில் எழுதினேன். பதிலுக்கு ஒரு காலை வணக்கப் படம் வந்தது.

நாட்டு விதைக்காரர்கள் சொன்னதில் நியாயமான பகுதியும் உண்டு. ஒட்டு ரகத்தில் விதை எடுத்து மறுபடி போட முடியாது. ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போயாக வேண்டும். இதை விதை கொடுத்த அன்றே சொன்னேன், அச்சடித்த தாளிலும் கொடுத்தேன். அப்படியும் ஒரு வீட்டில் ஆடிப்பட்டத்துக் காய் ஒன்றைக் கொடியிலேயே பழுக்க விட்டு, விதை எடுத்து, தையில் ஊன்றியிருக்கிறார்கள். விதையில்லாக் காயில் விதை எங்கிருந்து வந்தது? பக்கத்துத் தொட்டியில் அதே வீட்டின் நாட்டு வெள்ளரி நின்றது. கைப்பிடிச் சுவரோரம் பூசணி பூத்ததும் அதற்கு வந்த தேனீ இதையும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. அப்படி மகரந்தம் பட்ட காய் அடிப்பக்கம் மட்டும் உருண்டு, காம்புப் பக்கம் ஒடுங்கி நிற்கும், படமும் அனுப்பியிருந்தார்கள். அந்த விதையில் முளைத்த கொடிகள் ஒன்று ஒரு மாதிரி, மற்றது வேறு மாதிரி. ஒன்றில் ஆண் பூவாகவே பூத்தது, ஒன்று வாயில் வைக்க முடியாத கசப்பு. “செயலாளர் கொடுத்த விதை” என்றுதான் அந்தக் காயை அக்கம்பக்கத்தில் காட்டியிருக்கிறார்கள். அது நான் கொடுத்த விதை அல்ல என்பதை இந்த அறிக்கை மூலம் பதிவு செய்கிறேன்.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. நான்காவது குறுக்குத் தெரு உறுப்பினர் ஒருவர், பூத்த பூவில் ஒன்றுகூட ஆண் பூ இல்லையே, விதை போலி என்று முடிவு கட்டி, நல்ல கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். ஆண் பூ இல்லாததற்காகத்தான் ஐந்து ரூபாய் கொடுத்தோம். பிடுங்கிய கொடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கணுக்கணுவாகப் பிஞ்சு இருக்கிறது.

மற்றபடி சொன்னபடி செய்தவர்கள் நன்றாகவே எடுத்தார்கள். பதினைந்து அங்குலப் பையில் ஒரே கொடி. செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்தது. மேலே நிழல் வலை. கம்பியிலிருந்து தொங்க விட்ட சணல் கயிற்றில் ஒற்றைத் தண்டாக ஏற்றி, முதல் ஐந்து கணு வரை பூவையும் பக்கக் கிளையையும் கிள்ளி விடுவது. இந்தக் கிள்ளுவதற்குத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. கீழே வந்த முதல் பிஞ்சை ஆசைப்பட்டு விட்டால், வேர் பிடிக்காத கொடி அந்த ஒரு காயைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். கிள்ளியவர்களுக்கு விதைத்த நாற்பது நாளையொட்டி முதல் காய் வந்தது. அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். பறிக்காமல் ஒரு காயை மஞ்சளாக விட்டால், கொடி தன் வேலை முடிந்தது என்று அடுத்த பிஞ்சை உதிர்க்கும். மிலாடி நபி விடுமுறையைச் சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போனவர்கள், திரும்பி வந்து காய் குறைந்துவிட்டது என்றார்கள்.

கசப்பு பற்றியும் புகார் வந்தது. ஒரு நாள் குடம் குடமாக ஊற்றி, இரண்டு நாள் காயப் போட்டால் எந்த ரகமும் கசக்கும். கசப்பு காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம். அங்கே கொஞ்சம் தாராளமாக வெட்டிப் போடுங்கள். நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுக்கும் வைத்தியத்தை நம்பி உட்கார வேண்டாம்.

புரட்டாசி மழையில் அடிச்சாம்பல் நோய் வந்தது உண்மை. இலையின் மேலே நரம்புக்கு நரம்பு கட்டம் போட்டது போல மஞ்சள் புள்ளி, திருப்பினால் சாம்பல் பூத்திருக்கும். மழை நம் கையில் இல்லை. ஆனால் சாயங்காலத்தில் குழாயை மேலே பிடித்து இலையெல்லாம் நனைய நனைய அடித்தது மழை அல்ல. காலையில், வேரில் ஊற்றுங்கள் என்று நான் சொன்னது அந்த அச்சுத் தாளில் இரண்டாவது வரி.

பழ ஈக்கு வைத்த கருவாட்டுப் பொறி பற்றியும் சொல்லியாக வேண்டும். க்யூலூர் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி ஆண் ஈயை மட்டுமே இழுக்கும். பிஞ்சில் முட்டை குத்துவது பெண் ஈ. அதனால்தான் துளையிட்ட பாட்டிலில் நனைத்த கருவாட்டைத் தொங்க விடச் சொன்னேன். வேளாண் துறையினர் பந்தல் காய்கறிக்குச் சொல்லும் முறைதான் அது. ஈ வந்தது. பூனையும் வந்தது. கீழ்வீட்டு மாமி, சுத்த சைவம், இரண்டு நாள் பொறுத்துவிட்டுத் தலைவர் வீட்டுக்கே போய்விட்டார். தலைவர் என்னைக் கூப்பிட்டார். பொறியை எடுத்துவிட்டோம். அடுத்த வாரமே அந்தத் தளத்தில் பிஞ்செல்லாம் குத்துப்பட்டு வளைந்து அழுகியது. அழுகியதைச் சிலர் நேராக உரத்தொட்டியில் போட்டார்கள். புழு மண்ணுக்குள் கூட்டுப் புழுவாகி அடுத்த பட்டத்துக்குத் தயாராகும் இடம் அதுதான். இரட்டைப் பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள் என்று அப்போதும் எழுதினேன்.

தைப்பட்டம் இந்தத் தொல்லை இல்லாமல் போனது. மாசிக் கடைசியில், சாலையோரம் வெள்ளரிப் பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கத் தொடங்கியிருந்த நாட்களில், நம் உறுப்பினர்கள் சிலர் அக்கம்பக்கத்துக்கு இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டவர்களில் மேலே சொன்ன மாமியும் உண்டு.

வரவு செலவு. விரிவான கணக்கு பொருளாளர் அம்மாவிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஒன்றையொன்று ஒட்டியே போயின; இருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. காரணம் விதை அல்ல, சந்தா. பதிவேட்டில் 42 பேர் இருக்கிறோம். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். கட்டியவர்கள் பாதிக்குச் சற்று மேல். கட்டாதவர்களில் பலர் உரம் பங்கிட்ட அன்று முதல் ஆளாக வந்து நின்றவர்கள். பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. செயற்குழுவின் வேண்டுகோளுக்கு இணங்கி அதை வாசிக்கவில்லை.

செயற்குழு ஐந்து முறை கூடியது. மூன்று முறை குறைந்தபட்ச எண்ணிக்கை சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: கூட்டத்துக்குத் தன் வீட்டு முன்கூடத்தைத் தந்த தலைவர், கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் பொருளாளர் அம்மா, நிழல் வலை கட்ட ஏணி கொடுத்த எலக்ட்ரீஷியன் தம்பி, அச்சுத் தாளை நகல் எடுத்துத் தந்த துணைச் செயலாளர். அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. இந்தப் பொறுப்பில் தொடர எனக்கு விருப்பமில்லை என்று தலைவரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். இளையவர் யாராவது முன்வந்தால் பதிவேட்டையும் சாவியையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராவிட்டால் ஆடிப்பட்ட வேலை நின்றுவிடக் கூடாது. அதற்காகச் சில ஏற்பாடுகள் மட்டும் சொல்லி வைக்கிறேன். ஒட்டு வெள்ளரி வேண்டுபவர்கள் ஜூன் 15-க்குள் பொருளாளரிடம் பெயரும் பணமும் கொடுக்க வேண்டும். பணம் வந்த அளவுக்கு மட்டுமே விதை வாங்கப்படும். நாட்டு வெள்ளரி போடுபவர்கள் அதை ஒட்டு ரகத்திலிருந்து தள்ளி, முடிந்தால் வேறு மாடியில் போடவும். அவர்களுக்கான விதையை நாட்டு விதை அணியினரே சேகரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சங்கத்தின் கைத்தெளிப்பான் கார்த்திகையிலிருந்து காணவில்லை. வைத்திருப்பவர் யார் என்று எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்