மில் தொழிலாளர் மூச்சுப் பயிற்சி வகுப்பு: இன்னும் ரூ.76,500 தேவை

அன்புடையீர், வணக்கம்.

மருதமலையான் அருளால் நம் வகுப்பு மூன்றாம் ஆண்டில் காலெடுத்து வைக்கிறது. ஃப்ளூ தடுப்பூசிக்குப் பணம் கட்ட அக்டோபர் 25 கடைசி நாள். அதனால்தான் இந்த அவசரக் கடிதம்.

கோவையில் 1888-லேயே ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டது. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் மில்கள் எழும்பின. மில் சங்கைக் கேட்டுத்தான் வீட்டில் உலை வைப்பார்கள் என்று நம் பெரியவர்கள் இன்றும் மார்தட்டிச் சொல்வார்கள். அந்த மார்புக்குள் போன பஞ்சுத் தூசியை யாரும் பேசவில்லை. லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும். சளிதான் என்று சுக்குக் காபி குடித்தோம். பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூம், அதைச் சீவும் கார்டிங் பிரிவுகளில் இருந்த பலருக்கு அதுவே தீராத மூச்சிரைப்பாகிவிட்டது. பீடியும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது.

மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது. அதை எடுக்கும் விதத்தைத்தான் பழக வேண்டியிருக்கிறது. போன வருஷம் ஓர் அண்ணன் சட்டைப் பையிலிருந்து மருந்து இழுக்கும் பம்ப்பை (இன்ஹேலர்) எடுத்து அடித்துக் காட்டினார். பாதி மருந்து வாயோரமாகப் புகையாய் வெளியே போனது. நாலு வருஷமாக அப்படித்தானாம்! இப்போது பம்ப்பில் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டி இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை நிறுத்தி, அப்புறம் வாய் கொப்பளிக்கிறார். டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மூச்சு விட்டபடி மாடிப்படி ஏறுகிறார். சளியின் நிறம் மாறினால் நோட்டில் எழுதி, அன்றைக்கே டாக்டரைப் பார்க்கிறார்.

இந்த முறை 60 பேர். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் ரூ.54,000, ஸ்பேசர் ரூ.18,000, தடுப்பூசி ரூ.1,08,000, பிசியோதெரபிஸ்ட்டுக்கு 12 வாரம் ரூ.18,000. மொத்தம் ரூ.1,98,000. கையில் இருப்பது ரூ.1,21,500.

இதுவரை கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். இரண்டு வருஷமாக வாடகை வாங்காமல் மண்டபம் தந்தவர்கள், வாராவாரம் டீக்குக் காசு வாங்காத பேக்கரிக்காரர், கணவர் காரியம் முடிந்த மறுநாளே அவருடைய ஆக்சிமீட்டரைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்த அக்கா, பென்ஷனில் மாதம் நூறு ரூபாய் எடுத்துவைக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் முருகன் துணையிருக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். திருவிழா சீரியல் லைட்டுக்கு ஒரே வாரத்தில் பணம் சேர்ந்தது. இதற்கு இரண்டு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறோம். அப்பாவின் மில் சம்பளத்தில் படித்தவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்!

ஞாயிறு காலை குழுவினர் வீட்டுக்கு வருவோம். ஐம்பது ரூபாயானாலும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வகுப்புக் குழுவினர்