எத்தனை பேருக்கு, எத்தனை டோஸ்? கணக்கை வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்துக்குப் புற்றுநோய் சிகிச்சை வசதி கூடுதலாக வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் இயந்திரங்களின் பெயர்தான் முதலில் வருகிறது. கதிரியக்க மருந்தை உடலுக்குள்ளேயே செலுத்தும் மூலக்கூறு கதிர்சிகிச்சையை யாரும் சொல்வதில்லை. தடித்த சுவர் கொண்ட தனியறை, தனிக் கழிப்பறை, கழிவுநீரைத் தேக்கிவைத்து வீரியம் தணிந்தபின் விடும் தொட்டி, மருந்தை அளந்து கொடுக்கத் தெரிந்த ஆட்கள் ஆகியவைதான் இதற்கு முக்கியம். எத்தனை அறை, எந்த மாதிரி அறை என்று முடிவெடுக்கக் கணக்கு வேண்டும். அணு மருத்துவப் பிரிவுகளில் பணிபுரியும் நாங்கள் அதைத்தான் கேட்கிறோம்.

1940-களில் தொடங்கி நெடுங்காலம் இந்தச் சிகிச்சை என்றாலே பெரும்பாலும் தைராய்டுக்கான கதிரியக்க அயோடின்-131தான். அறுவை முடிந்த தைராய்டு புற்றுநோயாளிக்கு 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கொடுத்து இரண்டு மூன்று நாள் தனியறையில் வைப்பார்கள். நம் நாட்டு விதிப்படி 30 மில்லிகியூரிக்கு மேல் போனால் தனியறை கட்டாயம். ஆபத்து குறைந்தவர்களுக்கு 100 செய்யும் வேலையை 30 மில்லிகியூரியே செய்கிறது என்று 2012-ல் பிரான்ஸிலும் பிரிட்டனிலும் வந்த ஆய்வுகள் காட்டின. 2 செ.மீ.க்கு உட்பட்ட, நிணநீர் முடிச்சுக்குப் பரவாத கட்டிக்கு அயோடினே கொடுக்காமல் கண்காணித்தாலும் மூன்றாண்டு முடிவில் பாதகமில்லை என்று 2022-ல் மற்றொரு பிரெஞ்சு ஆய்வு சொன்னது. 100 வாங்க வேண்டியவருக்கு 30 போதும், 30 வாங்க வேண்டியவருக்கு ஒன்றுமே வேண்டாம் என்ற நிலை வந்துவிட்டது. அயோடின் அறைகளின் தேவை இறங்குகிறது.

மற்றொரு கதிரியக்க மருந்தான லூட்டீசியம்-177-இன் தேவை ஏறுகிறது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோ எண்டோகிரைன் கட்டிகளுக்கு 2017, 2018-லும், பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு 2022-லும் மேலைநாடுகள் ஒப்புதல் தந்தன. இந்தியா அதற்காகக் காத்திருக்கவில்லை. மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையில் தயாரான லூட்டீசியம் அதற்கு முன்பே நம் மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. அயோடின் பெரும்பாலும் ஒரே டோஸில் முடியும். லூட்டீசியமோ நியூரோ எண்டோகிரைனுக்கு 200 மில்லிகியூரி வீதம் 8 வாரத்துக்கு ஒருமுறை 4 டோஸ். புராஸ்டேட்டுக்கு 6 வாரத்துக்கு ஒருமுறை, 6 டோஸ் வரை. ஒரே பெரியவர் ஏழு மாதத்தில் ஆறு முறை அதே கட்டிலுக்கு வருவார். ஆள் கணக்கை மட்டும் பார்த்துக் கட்டில் போட்டால் தப்பாகத்தான் முடியும்.

அறையின் தேவையும் வேறு. லூட்டீசியத்தின் காமா கதிர் அயோடினுடையதைவிட வலுக்குறைந்தது, சுவர் அவ்வளவு தடிக்க வேண்டியதில்லை. ஆனால் செலுத்திய மருந்தில் பெரும்பங்கு முதல் 24 மணி நேரத்திலேயே சிறுநீரில் வெளியேறிவிடும். வருகிறவர்களில் பலர் சிறுநீரை அடக்க முடியாத முதியவர்கள். படுக்கை ஒருமுறை நனைந்தால் விரிப்பு, மெத்தை, தரை எல்லாமே மாசுதான். உலையில் நேரடியாகத் தயாராகும் லூட்டீசியத்தோடு, 160 நாள் அரை ஆயுள் (வீரியம் பாதியாகக் குறையும் காலம்) கொண்ட லூட்டீசியம்-177எம் சிறிதளவு ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே லூட்டீசியம்-177-இன் பத்து அரை ஆயுள், அதாவது 67 நாள், கழிந்தால் குப்பையை வெளியே விடலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

நியூரோ எண்டோகிரைன் நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்க லைசின், ஆர்ஜினின் என்ற இரு அமினோ அமிலங்களையும் 25 கிராம் வீதம் ஒரு லிட்டரில் கலந்து, மருந்துக்கு அரைமணி முன்பே தொடங்கி நான்கு மணி நேரம் ஏற்ற வேண்டும். அது கைவசம் இல்லையென்று, பல அமினோ அமிலங்கள் கலந்த சாதாரண பாட்டிலைப் போட்டால் நோயாளி வாந்தியெடுத்தே துவண்டு போவார். மருந்தும் நமக்காகக் காத்திருக்காது. மும்பையில் விமானம் தவறி ஒருநாள் தாமதமானால் 200-ல் சுமார் 20 மில்லிகியூரி வழியிலேயே சிதைந்து போய்விடும்.

அயோடினில் டோஸ் வீணாவது பெரும்பாலும் எங்கள் அறைக்கு வெளியே நடக்கும் ஒன்றால்தான். தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் மாத்திரையை நான்கு வாரம் நிறுத்தி, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் 30-க்கு மேல் ஏறிய பிறகுதான் நோயாளி வருவார். அயோடின் உள்ள மீன், கருவாடு, பாக்கெட் உப்பு எல்லாவற்றையும் இரண்டு வாரமாக ஒதுக்கியிருப்பார். பழைய கடலூர்ப் பக்கத்து வீடுகளில் அது லேசான காரியமில்லை. ஆனால் போன மாதம் வேறெங்கோ கழுத்துக்கு கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. எடுத்திருப்பார்கள். அந்த ஊசி மருந்தில் இருப்பது அயோடின். 6 முதல் 8 வாரம் ஆகாமல் கதிரியக்க அயோடினைக் கொடுத்தால் தைராய்டுத் திசு அதைப் போதிய அளவு இழுக்காது. சி.டி. எடுக்கும் இடத்திலேயே ஊசி போட்ட தேதியை நோயாளியின் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தால் இது தீரும்.

வீடு திரும்பும் வழியையும் பார்க்க வேண்டும். 30 மில்லிகியூரி அயோடின் உடலில் உள்ளவரிடமிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு ஏறக்குறைய 50 மைக்ரோசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு) கதிர்வீச்சு இருக்கும். பேருந்தில் பக்கத்து இருக்கை அரை மீட்டர்தான், அங்கே தோராயமாக நான்கு மடங்கு. புதுச்சேரியிலிருந்து விருத்தாசலம் பக்கம் போக இரண்டு மணி நேரம் பிடித்தால், அருகில் உட்கார்ந்தவருக்கு 400 மைக்ரோசீவர்ட். பொதுமக்களுக்கு ஓராண்டு முழுவதற்குமான வரம்பே 1000. அருகில் இருப்பவர் கர்ப்பிணியாகவோ கைக்குழந்தையோடு வந்தவராகவோ இருந்துவிடலாம். நோயாளிகள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்தால் அவர்களைக் காரில் அனுப்ப ஏற்பாடு செய்யலாம்.

அயோடின், லூட்டீசியம் போன்ற கதிரியக்க ஐசோடோப்பு வாங்க ஒவ்வொரு மருத்துவமனையும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளத்தில் அனுமதி பெற்றே ஆக வேண்டும். எந்த ஐசோடோப்பு, எத்தனை மில்லிகியூரி என்பது அங்கே ஏற்கெனவே பதிவாகிறது. அதனுடன் என்ன நோய், எத்தனை டோஸ், தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எந்த மாவட்டத்தவர் என்ற நான்கையும் பெயரில்லாமல் சேர்த்து ஆண்டுக்கொருமுறை வெளியிட வேண்டும். பிரிட்டனில் இத்தகைய கணக்கெடுப்பு அவ்வப்போது நடக்கிறது. நான்கில் மூன்றாவதை விட்டுவிடக் கூடாது. மூன்றாம் டோஸோடு ஒருவர் நின்றுவிட்டால், ரத்தத் தட்டணுக்கள் குறைந்ததால் நாங்கள் நிறுத்தினோமா, பயணச் செலவுக்குக் காசில்லாமல் அவர் வரவில்லையா என்று தெரிய வேண்டும். புதிய அறைகளுக்கு வரைபடம் போடுவதற்கு முன் தமிழக, புதுச்சேரி சுகாதாரத் துறைகள் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
அணு மருத்துவப் பிரிவுகளில் பணிபுரியும் இயற்பியலாளர்கள், தொழில்நுட்பர்கள் சிலர்,
புதுச்சேரி.