மாப்பிள்ளையிடம் சொல், சுரண்ட வேண்டாம்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கையறை சீலிங் முழுக்கக் குருணை குருணையாக இருக்கிறது. அங்கே அமெரிக்காவில் இதற்குப் பாப்கார்ன் சீலிங் என்று பேராம். மாப்பிள்ளை வருகிற சனிக்கிழமை எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளை அடிக்கப் போகிறார் என்றாய். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. சனிக்கிழமை யாரும் ஏணியில் ஏற வேண்டாம்.

வீடு 1976-இல் கட்டியது என்று சொன்னாயே, எனக்குப் பயமே அதுதான். அந்தக் காலத்தில் இந்தக் குருணைப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரைக் கலப்பது சாதாரணம். அழகுக்காக அதைத் தெளிப்பதை அமெரிக்க அரசு 1978-இல்தான் தடை செய்தது. எல்லா வீட்டிலும் இருக்கும் என்று இல்லை. ஆனால் அண்ணாந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நாற்பது வருடம் பிரஷ் பிடித்த நானும் சேர்த்துத்தான். பயிற்சி உள்ள ஆளைக் கூப்பிட்டு, கொஞ்சம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்.

'நம்ம பாலக்கோட்டில் சிமென்ட் ஷீட்டுக்கு அடியில்தானே வளர்ந்தோம்' என்று நீ கேட்பாய். ஷீட்டில் அது சிமென்ட்டோடு இறுகிக் கிடக்கிறது. அறுத்தால், உடைத்தால்தான் தூசி. உன் வீட்டில் இருப்பது விரல் பட்டாலே உதிர்கிற சரக்கு. சுரண்டினால் வீடு முழுக்கப் பறக்கும். அந்த நார் நுரையீரலில் தங்கிவிட்டால், நோய் வெளியே தெரிய இருபது முப்பது வருடம்கூட ஆகும். குழந்தை தவழ்கிற வீடு, கண்ணு.

ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று ரிசல்ட் வந்தாலும் பதற வேண்டியதில்லை. உதிராமல் உறுதியாக இருந்தால் தொடாமல் விட்டுவிடலாம். பெயிண்ட் வேண்டுமென்றால் விவரம் தெரிந்தவர்கள் வந்து ஸ்ப்ரேயில் அடிக்கட்டும். ரோலரே கூடாது, உரசும்.

இல்லை என்று வந்தால் தாராளமாக நீங்களே அடிக்கலாம். அப்போதும் சுரண்ட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அங்கே சீலிங் கான்கிரீட் இல்லை, ஜிப்சம் பலகை. பலகைக்குப் பலகை ஒட்டு தெரியாமல் பட்டி பார்த்துத் தேய்க்க கூலி அதிகம் என்றுதான் இந்தக் குருணையைத் தெளித்து மறைத்தார்கள். அதை எடுத்தால் அத்தனை ஒட்டும் பல்லைக் காட்டும். அப்புறம் மாப்பிள்ளை கழுத்தை நிமிர்த்திக்கொண்டு மாசக்கணக்கில் பட்டி பார்க்க வேண்டியதுதான்.

இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகு, பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. அலமாரிக்கு மேலே, கண்ணில் படாத மூலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்து விரலால் தேய்த்துப் பார். குழைந்து வந்தால் அதன்மேல் இதுவரை யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை என்று அர்த்தம். அதில் நேராக எமல்ஷனை உருட்டினால் குருணை ஊறி, ரோலரில் உப்புமா மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். நம்ம ஊரில் சுண்ணாம்பு அடித்த சுவர்மேல் எமல்ஷன் அடித்துவிட்டு, உரிகிறது என்று பெயிண்டரைத் திட்டுவார்களே, அதே கதைதான். கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மேலே அடிக்கக் கூடாது. குழைகிற சீலிங்குக்கு முதலில் ஆயில் ப்ரைமர் ஒரு கை, நன்றாகக் காயட்டும், அப்புறம் எமல்ஷன்.

போட்டோவில் ஜன்னல் பக்கம் பழுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. மேல்மாடிக் குளியலறைக்கு நேர் கீழேயா அது? ஒழுகலை முதலில் அடைக்கச் சொல். காய்ந்த பிறகும் அந்தக் கறை வெறும் எமல்ஷனுக்கு மடங்காது, எத்தனை கோட் அடித்தாலும் எட்டிப் பார்க்கும். அதற்கென்று அரக்கு ப்ரைமர் இருக்கிறது. நம்ம ஆசாரி ஸ்பிரிட்டில் கரைத்துக் கதவுக்கு பாலிஷ் போடுவாரே, அதே அரக்குதான். சீக்கிரம் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வை, பக்கத்தில் நெருப்பே கூடாது.

ரோலர் நீள முடி உள்ளதாக, முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்து வாங்கு. அழுத்தாமல், ஒரே திசையில், ஒரே போக்கு. விட்டுப்போன இடம் கண்ணை உறுத்தும். திரும்பப் போய்த் தேய்க்கத் தோன்றும், தேய்க்காதே. ஈரத்தில் திரும்பத் தேய்த்தால்தான் உதிரும். முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டாவது கோட்டைக் குறுக்கே அடித்தால் விட்டதெல்லாம் மூடிவிடும். சுவர் ஓரத்தில் மட்டும் சின்ன ஸ்குரூ டிரைவரால் ஒரு கோடு இழுத்துக் குருணையை விலக்கிவிட்டால் பிரஷ் நேராக ஓடும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சீலிங்கில்தான் இந்த வேலையெல்லாம், ஞாபகம் இருக்கட்டும்.

டப்பாவில் ஒரு கேலனுக்கு 350, 400 சதுர அடி என்று போட்டிருக்கும். அது வழவழப்பான பரப்புக்கு. குருணை நிறையக் குடிக்கும், ஒன்றரை மடங்கு கணக்கு வைத்துக்கொள். பளபளப்பு வேண்டாம், மங்கல் வெள்ளையே வாங்கு. பளபளப்பு அடித்தால் விளக்கு போட்டதும் ஒவ்வொரு குருணையும் நிழலோடு தெரியும்.

மாப்பிள்ளையைக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளச் சொல். ரிசல்ட் வந்ததும் எனக்கு அனுப்பு. அதுவரை கடைப் பக்கம் போக வேண்டாம். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். கட்டிலைச் சீலிங் உதிராத அறைக்கு மாற்றச் சொல்கிறாள், அதை மட்டும் இன்றைக்கே செய்துவிடு.

அன்புடன்,
அப்பா