மருந்துக்கு முன் தூளைப் பாருங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் இந்த வாரங்களில் எங்கள் மரக்கடைக்கு வருகிறவர்களில் பலர் மரம் வாங்க வருவதில்லை. காகிதத்தில் பொதிந்த ஒரு பிடித் தூளையோ, நிலைக்காலிலிருந்து பெயர்ந்து விழுந்த ஒரு சிராய்த் துண்டையோ நீட்டி, இதற்கு என்ன மருந்து என்று கேட்கிறார்கள். கல்லாவின் முன் நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்புவது எங்களுக்கு மனநிறைவைத் தரவில்லை என்பதால், இந்த மடலை எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இரண்டு அறையும் ஒரு திண்ணையுமாக உள்ள பழைய ஓட்டு வீடு அவருடையது. கரையான் என்று எண்ணி ஆட்களை அழைத்து, வீட்டைச் சுற்றித் தரையில் துளையிட்டு மருந்து ஊற்றி, பணமும் கொடுத்து முடித்திருந்தார். அதன் பிறகும் கட்டிலின் மேல் தினமும் தூள் விழுந்துகொண்டிருந்தது. அவர் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து விரலால் நெருடிப் பார்த்தோம். மாவாக இல்லை, கசகசாவைப் போலத் தனித்தனி மணிகளாக உருண்டது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு மணியிலும் ஆறு பட்டைகள் தெரிந்தன. அது உலர்மரக் கரையானின் எச்சம். கடலோர ஈரக்காற்றில் வாழும் இந்தக் கரையானுக்கு மண்ணோடு எந்தத் தொடர்பும் வேண்டியதில்லை. ஓட்டைத் தாங்கும் சாய்ந்த கூரை மரமான கழுக்கோலுக்குள்ளேயே குடியேறி, அந்த மரத்தில் இருக்கும் சிறிதளவு ஈரத்தைக் கொண்டே பெருகிவிடும். தரையில் ஊற்றிய மருந்து அதனிடம் போய்ச் சேரவே இல்லை. வேலை செய்தவர்கள் ஏமாற்றினார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஏணி வைத்து ஏறிப் பார்க்காமல் செய்துவிட்டார்கள். நட்டம் அந்தப் பெரியவருக்கு.

மரத்தைத் தின்னும் பூச்சி எது என்பதையும், அது இப்போது உயிரோடு இருக்கிறதா என்பதையும் அறியாமல் மருந்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

சிதல் என்றும் செல் என்றும் நாம் சொல்லும் மண்கரையானை அடையாளம் காண்பது எளிது. வெளிச்சத்தையும் உலர்ந்த காற்றையும் அது தாங்காது. ஆகவே தரையிலிருந்து சுவர் வழியாக மரம்வரை பென்சில் பருமனில் மண்ணால் கூரையிட்ட தடம் அமைத்துக்கொண்டு அதற்குள்ளேயே போய்வரும். சுவரில் தடம் தெரியாவிட்டாலும், சுவருக்குள் புதைந்த நிலைக்காலின் முதுகு வழியாக ஏறிவிடும் என்பதுதான் கவலைக்குரியது. முன்பக்கத்துப் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் காகிதம்போல் உள்ளே போய்விடும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் நிலையைக் கீழிருந்து மேலாகத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், அரிபட்ட இடம் பொத்தென்று கேட்கும். மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி வரும் ஈசல் வெளியிலிருந்து வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது உங்கள் வீட்டுச் சுவர் வெடிப்பிலிருந்தோ, நிலையின் அடியிலிருந்தோ புறப்பட்டால், கட்டடத்தின் அடியில் கூட்டம் இருக்கிறது என்று பொருள்.

உளுவண்டின் வழி வேறு. மரத்தில் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரையிலான உருண்டைத் துளைகள் தெரியும்; அடியில் முகப்பவுடரைப் போன்ற மென்மையான மாவு குவிந்திருக்கும். அந்தத் துளை வண்டு உள்ளே போன வழி அன்று, வளர்ந்து வெளியேறிய வழி. சேதத்தைச் செய்த புழு மாதக்கணக்கில் உள்ளே இருந்து தின்று முடித்த பிறகே நாம் துளையைக் காண்கிறோம். மரத்திலுள்ள மாவுச்சத்தே அதன் உணவு என்பதால், வைரம் பாய்ந்த நடுப்பகுதியை விட்டு, பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியையே நாடும். நம் குமரி மாவட்டத்தில் ஏராளமாகக் கிடைக்கும் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே வண்டு வந்துவிடும் என்பதால், முறையாக மருந்தேற்றாத ரப்பர் பலகையை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். தேக்கு என்றால் அரிக்காது என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். தேக்கின் வைரத்தில் பூச்சியை எதிர்க்கும் இயற்கைப் பொருள்கள் உண்டு; அதன் வெள்ளையில் அந்தக் காவல் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாங்களே ஒரு வீட்டுக்கு இளந்தேக்கில் சன்னல் சட்டம் செய்து கொடுத்தபோது, ஓரத்தில் இருந்த இரண்டு விரல் வெள்ளையைச் சீவி எறியாமல் விட்டோம். அடுத்த கோடையில் சரியாக அந்த இரண்டு விரல் அகலம் மட்டும் உளுத்தது. சட்டத்தை மாற்றிக் கொடுத்தோம். அன்றுமுதல் வெள்ளையை எடுக்காமல் எந்த மரமும் எங்கள் பட்டறையை விட்டுப் போவதில்லை.

கூரை மரத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பெரிய துளையும், சுற்றி ரீங்கரிக்கும் கருவண்டும் கண்டால் பதறாதீர்கள். அது மரத்தைத் தின்பதில்லை, முட்டையிடக் குடைகிறது. வண்டு வெளியேறிய பின் துளையை அடைத்துப் பெயிண்ட் அடித்தால் போதும்.

இனி, உயிரோடு இருக்கிறதா என்பது. பழைய துளையிலிருந்தும், கதவைச் சாத்தும் அதிர்ச்சியில் மாவு கொட்டும். வண்டு போய்ப் பத்தாண்டு ஆன வீட்டுக்கு மருந்தடிப்பது வீண். ஆகவே மரத்தை நன்றாகத் துடைத்து, இருக்கும் துளைகளைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டமிட்டு, அடியில் ஒரு கருப்புத் தாளை விரித்துவைத்து, கோடை நாட்களானால் மூன்று வாரம் பொறுத்திருங்கள். வட்டத்துக்கு வெளியே புதுத் துளை தோன்றி, அதன் வாய் வெளுப்பாகவும் கூர்மையாகவும் இருந்தால் உள்ளே உயிர் உண்டு. கரையானுக்கு இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. மண்தடத்தை ஒரு விரல் நீளத்துக்கு உடைத்துவிட்டு இரண்டொரு நாளில் பாருங்கள். ஈர மண்ணால் மீண்டும் பூசியிருந்தால் அது நடமாடும் வழி. பூசாவிட்டால் வேறு வழியாகப் போகிறதா என்று சுற்றுமுற்றும் தேடிய பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

மண்கரையான் என்று உறுதியானால், மரத்தின் மேல் அடிக்கும் மருந்தால் பயன் குறைவு. மண்ணுக்குத்தான் மருந்து வேண்டும். கட்டி முடித்த கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 6313-இன் மூன்றாம் பகுதி இதை விளக்குகிறது. சுவரும் தரையும் சேரும் ஓரமாக 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளையிட்டு, மண்வரை இறக்கி, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துக் கரைசலை மண் ஏற்கும் மட்டும் செலுத்தி, பிறகு துளையை அடைக்க வேண்டும். வேலைக்கு வருகிறவர் எத்தனை துளை, எந்த மருந்து, எவ்வளவு நீரில் கலக்கிறார் என்று கேளுங்கள். டப்பாவின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் பல வீடுகளில் கிணறு முற்றத்திலேயே இருப்பதால், அதை முதலில் காட்டிவிட்டு, அந்தப் பக்கத்தில் மருந்து இறக்காமல் வேறு வழி உண்டா என்று பேசிக்கொள்வது அவசியம். குடிநீரை இழந்து கதவைக் காப்பாற்றுவதில் பொருளில்லை.

உளுவண்டுக்கும் உலர்மரக் கரையானுக்கும் மரத்துக்குள் மருந்து போக வேண்டும். பெயிண்டும் பாலிஷும் மருந்தை உள்ளே விடாது என்பதால், அவற்றைச் சுரண்டி எடுத்த பிறகு போரிக் அமிலமும் வெண்காரமும் (போராக்ஸ்) கலந்த கரைசலை இரண்டு மூன்று முறை தடவி ஊறவிடலாம். உலர்மரக் கரையான் என்றால் துளையிட்டு ஊசிமூலம் அதன் அறைகளுக்குள் செலுத்துவது நல்லது. இந்தக் கரைசல் நீரில் கரைந்து வெளியேறிவிடும் தன்மையது. மழை படும் மரத்துக்கு உதவாது. நன்றாக உலர்ந்தபின் எல்லாப் பக்கமும், குறிப்பாகக் கண்ணில் படாத முதுகிலும் முனையிலும், பாலிஷோ பெயிண்டோ அடித்து அடைத்துவிட்டால், உளுவண்டு முட்டையிட மரத்தின் நுண்துளை கிடைக்காது. பாதிக்குமேல் உளுத்துவிட்ட கழுக்கோலை மருந்தால் திருப்பிக் கொண்டுவர இயலாது. ஓட்டின் பாரத்தைத் தாங்கும் மரமாகையால், அதை மாற்றியே ஆக வேண்டும்.

மண்ணெண்ணெயை ஊற்றுவது சில நாட்களுக்கு அடங்கியதுபோல் தோன்றச் செய்யும், தீப்பிடிக்கும் ஆபத்தையும் கூரைக்குள் ஏற்றிவைக்கும். பழைய பரணில் கிடக்கும் லிண்டேன், ஆல்ட்ரின் என்ற பூச்சிமருந்து டப்பாக்களைத் தயவுசெய்து திறக்காதீர்கள். இரண்டுமே நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை.

மருந்தைவிட நாங்கள் அதிகம் நம்புவது ஈரத்தை விலக்குவதையே. சுவரோடு சாய்த்து அடுக்கிய விறகு, நிலைக்கால் அடியில் தேங்கும் கழுவிய தண்ணீர், உடைந்த ஓடு, சுவரோரம் உயர்ந்துவிட்ட தோட்டத்து மண் ஆகிய இவைதான் கரையானுக்கு நாம் வைக்கும் விருந்து. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும்போது அந்தச் சாய்ந்த கூரையையும், மழைச்சாரலை மரத்தின் பக்கம் விடாமல் தள்ளி நிறுத்தும் அகன்ற இறவாரத்தையும் ஒருமுறை நின்று பாருங்கள்.

உங்கள் வீட்டில் விழும் தூளைத் துடைத்துப் போடாமல் ஒரு தாளில் மடித்துக் கொண்டுவாருங்கள். எந்த மரத்தின் அடியில் விழுந்தது என்பதை அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள். பார்த்துச் சொல்வதற்கு நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. கூரை மரமானால், மழை தொடங்குவதற்குள் எங்கள் தச்சர் ஏணியோடு நேரில் வந்து பார்ப்பார்.

இங்ஙனம்,
மரக்கடை மற்றும் தச்சுப் பட்டறையினர்,
தக்கலை.