காரத்துக்கும் விலை வையுங்கள்

எங்கள் பகுதி வெங்காய மண்டி வியாபாரிகளுக்கும் தோட்டக்கலை அலுவலர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் மண்டியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சிறு காய், "பொடி" என்று ஒதுக்கி விலையைக் குறைத்தீர்களே, அந்தச் சின்ன வெங்காயச் சிப்பங்கள் என்னுடையவை. சாக்கைக் கொட்டி ஒரு கை அள்ளி, காய் பருவட்டாக, பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தீர்கள். ஒன்றைக்கூட நறுக்கவில்லை, வெங்காயத் தாள் தொடங்கும் கழுத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. பக்கத்துக் குவியலில் தாள் அறுத்த இடம் ஈரம் காயாமல் இருந்தது. கழுத்தை அழுத்தினால் விரல் அமுங்கியது. முதல் ரகமாகப் போனது அதுதான்.

என் பயிரை நான் பட்டினி போடவில்லை. 30ஆம் நாள் மேலுரத்தோடு யூரியாவை முடித்துக்கொண்டேன். தாள் சாய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்தினேன். அடியுரத்துக்கு டிஏபி உரத்தைத் தவிர்த்து சூப்பர் பாஸ்பேட் போட்டேன், அதில் 11 சதவீதம் கந்தகம் இருப்பதால். சின்ன வெங்காயத்தின் காரம், கண்ணைக் கரிக்கும் நெடி, உடம்புக்கு நல்லது என்று நாம் சாப்பிடுகிற சத்தில் ஒரு பங்கு எல்லாமே வேர் மண்ணிலிருந்து எடுக்கும் கந்தகத்திலிருந்து உருவாகிறவை. பிடுங்கும் நாள்வரை தண்ணீர் விட்டால் காய் ஊதும், எடை ஏறும், காரம் இறங்கும். பிந்திப் போடும் யூரியாவால் கழுத்து தடித்துப்போகும். கழுத்து மூடாத வெங்காயம், சேமித்து வைக்கும் பட்டறையில் அழுகும், ஒன்று அழுகினால் சுற்றியுள்ளதையும் கெடுக்கும். அலுவலர்களே, இவற்றை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள் நடத்திய பயிற்சி முகாம்தான். அதைக் கேட்டு நடந்தவனுக்கு மண்டியில் இரண்டாம் ரக விலை. கேட்காதவருக்கு முதல் விலை. அடுத்த போகத்தில் எங்கள் ஊரில் யார் உங்கள் பேச்சைக் கேட்பார்கள்?

அதனால் கேட்கிறேன்: அளவை மட்டும் வைத்து ரகம் பிரிக்காதீர்கள். காய் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்பதையும் காரத்தையும் பாருங்கள்.

இது வெங்காயத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. தக்காளிக்கு, காய் பிடித்த பிறகு தண்ணீரை அளவாகக் குறைத்தால் பழம் கொஞ்சம் சிறுக்கும். ஆனால் புளிப்பும் இனிப்பும் கூடும், வைட்டமின் சியும் பெரும்பாலும் கூடும். அதற்காக வாடவிட்டால் அடி கறுத்து அழுகும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். கீரைக்கு யூரியாவை வாரிக் கொட்டினால் இலை கரும்பச்சையாகத் தளதளவென்று வரும், உள்ளே நைட்ரேட் ஏறி வைட்டமின் சி குறையும். வாங்குகிறவருக்கு அது தெரியாது, தெரிவிக்க ஆளும் இல்லை. எடைக்கு மட்டுமே காசு என்றால் விவசாயி எடையைத்தான் விளைவிப்பான். மானியத்தில் 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கும்போது அவன் கையை எது தடுக்கும்? மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டையின் 12 அளவீடுகளில் கந்தகமும் ஒன்று. எனக்கு வந்த அட்டையில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு, "யூரியா, டிஏபி, பொட்டாஷ் பார்த்துப் போடுங்கள், போதும்" என்றார்கள். வெங்காயம் போடுகிறவனிடம் கந்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்புவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய காரியமும் இல்லை. ஒவ்வொரு குவியலிலும் நாலு காயை எடுத்துக் கழுத்து காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், குறுக்கே நறுக்கி முகர்ந்து பாருங்கள். காரத்தை அளக்க பைருவிக் அமிலச் சோதனை இருக்கிறது. வாரம் ஒருமுறையாவது மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப அலுவலர்கள் ஏற்பாடு செய்யலாம். முடிவை மண்டிப் பலகையில் எழுதிப் போடுங்கள். காய்ந்த, காரமான வெங்காயம் சிறியதாக இருந்தாலும் முதல் ரகம் என்று அறிவியுங்கள்.

அடுத்த நடவுக்கு உரம் வாங்கும் முன்பே இந்த அறிவிப்பு வந்தால் நன்றாக இருக்கும். எந்த மூட்டையை எடுப்பது என்று அப்போதுதான் நாங்கள் முடிவு செய்வோம். அருள்கூர்ந்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
சின்ன வெங்காய விவசாயி ஒருவன்